ஜன்னலைத் திறந்தது யார், தெரியுமா?

மாஸ்கோவில் ஒரு குளிர்கால மாலை. வெளியே பனி கொட்டுகிறது. வீட்டுக்குள் நுழைகிற அம்மா கேட்கிறாள்: "ஜன்னலைத் திறந்தது யார்?" நமக்கு இது ஒரே கேள்வி. ரஷ்யர்களுக்கு இரண்டு! 'அத்கிரில்' என்ற வினையைப் போட்டுக் கேட்டால் ஜன்னல் இந்த நிமிஷமும் திறந்து கிடக்கிறது, பனிக்காற்று உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். 'அத்கிரிவால்' என்று கேட்டால் ஜன்னல் பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். அவள் இல்லாத நேரத்தில் யாரோ திறந்து, பிறகு சாத்தியும் விட்டார்கள். அறை சில்லிட்டுக் கிடப்பதை வைத்து அம்மா கண்டுபிடித்துவிட்டாள். நாம் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். வினைச்சொல்லுக்குள் நுழைந்த 'வா' என்கிற ஓரசை ஜன்னலைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறது!

அப்பா ஊரிலிருந்து வந்த கதையும் இப்படித்தான். 'பிரியேஹல்' என்றால் வந்தவர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார். 'பிரியெஷ்ஷால்' என்றால் வந்தார், பார்த்தார், கிளம்பிப் போய்விட்டார். "அப்பா வந்திருக்கார்" என்றும் "அப்பா வந்துட்டுப் போனார்" என்றும் நாம் துணைவினை சேர்த்துச் சொல்கிற அதே வேறுபாட்டை ரஷ்யன் ஒற்றைச் சொல்லுக்குள் மடித்து வைத்திருக்கிறான்.

இப்போது அந்த ஜன்னல் வாக்கியத்தை ஸ்பானியத்துக்குக் கொண்டுபோகிற மொழிபெயர்ப்பாளரை நினைத்துப் பாருங்கள். ஜன்னலைத் திறந்ததற்கு அவர் கையில் இருப்பது 'அப்ரியோ' என்ற ஒரு சொல்தான். அது திறந்ததைச் சொல்லும், சாத்தியதைச் சொல்லாது. சாத்தியதைத் தனியாக ஒரு வார்த்தை போட்டுச் சொல்ல வேண்டும். மூல ஆசிரியர் எழுதாத வார்த்தை அது. ஆனால் அவர் சொல்லியிருக்கிறார்!

ஸ்பானியம் ஏழை மொழி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 'படித்தேன்' என்று சொல்ல அதில் எத்தனை இறந்தகாலம் தெரியுமா? ஐந்து! லெயீ, லெயியா, ஏ லெயீதோ, அபியா லெயீதோ, ஊபே லெயீதோ. கடைசி ஒன்று இப்போது பழைய புத்தகங்களில் மட்டுமே தட்டுப்படும், மற்ற நான்கும் தெருவில் புழங்குபவை. ரஷ்ய மொழியில்? ஒன்றே ஒன்று! பழைய ரஷ்யத்தில் நான்கு இறந்தகாலங்கள் இருந்தன. நூற்றாண்டுகள் போகப்போக ஒவ்வொன்றாக உதிர்ந்து, 'ல்' என்ற எழுத்தில் முடியும் ஒரே வடிவம்தான் மிஞ்சியது. இழந்ததை எல்லாம் ரஷ்யம் வேறு இடத்தில் ஈடுகட்டிக்கொண்டது. ஏறத்தாழ ஒவ்வொரு வினையையும் இரட்டையாக்கியது. படித்தலுக்கு 'சித்தாத்', 'பிரச்சித்தாத்' என்று இரண்டு வினை. எழுதுவதற்கு இரண்டு, திறப்பதற்கு இரண்டு, சாவதற்கு இரண்டு. ஒன்று செயலை உள்ளேயிருந்து பார்க்கிறது: நடந்துகொண்டே இருக்கிறது, விளிம்பு தெரிவதில்லை. இன்னொன்று வெளியேயிருந்து பார்க்கிறது: முழுசாக, முடிந்த பொருளாக, உள்ளங்கையில் வைத்த நெல்லிக்கனியாக.

ரஷ்ய இலக்கணக்காரர்கள் இந்தப் பாகுபாட்டுக்கு வைத்த பெயர் 'வித்'. பார்த்தல் என்ற வினையோடு பிறந்த சொல், 'தோற்றம்', 'காட்சி' என்று பொருள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கலாய் கிரெச் எழுதிய ரஷ்ய இலக்கணத்தை ரைஃப் என்பவர் பிரெஞ்சுக்குப் பெயர்த்தபோது அதை 'ஆஸ்பெக்ட்' என்று ஆக்கினார். இன்று உலகம் முழுக்க மொழியியல் வகுப்புகளில் புழங்கும் அந்தச் சொல்லே ஒரு மொழிபெயர்ப்புதான்! தமிழில் நாம் வினைநோக்கு என்று சொல்லலாம்; உள்ளேயிருந்து பார்ப்பது முற்றாநோக்கு, வெளியேயிருந்து பார்ப்பது முற்றுநோக்கு. காலம் என்பது எப்போது என்று கேட்பது. நோக்கு என்பது எங்கே நின்றுகொண்டு பார்க்கிறாய் என்று கேட்பது.

கணக்குப் போட்டான், வரவில்லை

ஒரு பையன் இரவெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போடுகிறான், விடை வரவில்லை. ரஷ்யத்தில் இதைச் சொல்ல 'ரெஷால், ஆனால் ரெஷில் இல்லை' என்ற அளவு போதும். இரண்டும் ஒரே வினை, உயிரெழுத்து மட்டும் வேறு! முதலாவது போட்டுப் பார்த்தது, இரண்டாவது போட்டு முடித்தது. இதேபோல மீன் 'பிடித்தான், ஆனால் பிடிக்கவில்லை' என்றும் ரஷ்யன் சொல்லலாம், முரண்பாடே தோன்றாது. நாள் முழுக்கத் தூண்டிலோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தான், கூடை காலி.

இந்த இரட்டையை வைத்து ஒரு மனிதனின் வாழ்க்கையையே அளந்தவர் ரஷ்ய எழுத்தாளர் அலெக்சாந்தர் ஹெர்ஸன். 1847இல் நூலாக வந்த 'யார் குற்றம்?' நாவலின் நாயகன் பெல்தவ், திறமை நிறைந்த, எதிலும் ஊன்றி நிற்காத மனிதன். அவனுடைய பத்து ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல வரும்போது ஹெர்ஸன் 'செய்தல்' என்ற ஒரே வினையின் இரண்டு நோக்குகளையும் அடுத்தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்கிறார். முதல் நோக்கில் அந்தப் பத்து வருஷம் நிரம்பி வழிகிறது. இரண்டாம் நோக்கில் அதே பத்து வருஷம் காலிப் பாத்திரம்! ரஷ்ய மாணவர்களுக்கு வினைநோக்கு கற்பிக்க இன்றும் எடுத்துக்காட்டும் இடம் இது. ஸ்பானியத்தில் இரண்டு கேள்விக்கும் 'இஸோ' என்ற ஒரே சொல் வந்து நிற்கும். ஏனென்றால் பத்து ஆண்டு என்று எல்லை கட்டிவிட்டால் ஸ்பானியம் 'இஸோ' போன்ற முற்றிய வடிவத்தைத்தான் இயல்பாகத் தேடும். மொழிபெயர்ப்பாளர் இரண்டாவது கேள்வியில் 'செய்து முடித்தது என்ன', 'சாதித்தது என்ன' என்று வேறு வினையைத் தேடி ஓட வேண்டும். ஹெர்ஸனின் இரண்டு கேள்விகளும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே முகத்தோடு நிற்கும் அழகு அங்கே போய்விடுகிறது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் இழப்பு.

அந்த 1847இலேயே உலகின் மறுகோடியில் இன்னொரு அதிசயம்! சிலியின் சாந்தியாகோ நகரில் ஆந்திரேஸ் பெல்யோ என்ற அறிஞர் அமெரிக்கக் கண்டத்து மக்களுக்கென்று ஒரு ஸ்பானிய இலக்கணம் வெளியிட்டார். அதில் 'லெயியா' போன்ற வடிவத்துக்கு அவர் வைத்த பெயர் 'கூட-இறந்தகாலம்'. இன்னொரு பழைய நிகழ்ச்சியோடு கூடவே ஓடுகிற காலம் என்று அர்த்தம். மெக்சிகோவின் பள்ளிப் பாடப்புத்தகங்களில் அந்தப் பெயர் இன்னும் வாழ்கிறது. இந்தக் கட்டுரையிலும் அதையே எடுத்துக்கொள்கிறேன். இவ்வளவு தெளிவான பெயரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இறந்தகாலம் எதிர்காலமாக மாறிய கதை

கப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' 1967இல் வந்தது. அதன் முதல் வாக்கியத்தின் புகழ் நாவலின் புகழுக்குக் குறைந்ததல்ல. துப்பாக்கி வரிசைக்கு முன்னால் நிற்கப்போகும் கர்னல், பனிக்கட்டியை முதன்முதல் கண்ட பழைய பிற்பகலை நினைக்கிறார். அங்கே 'நினைத்தல்' என்ற வினை எந்த வடிவத்தில் இருக்கிறது தெரியுமா? இறந்தகாலத்தில்! ஆனால் முன்னோக்கிப் பார்க்கும் இறந்தகாலம். தமிழில் 'செய்யவிருந்தான்' என்கிறோமே, கிட்டத்தட்ட அதுபோல ஒரு பழைய ஸ்பானியக் கட்டுமானம். அதன் துணைவினை கூட-இறந்தகாலத்தில் நிற்கிறது. ஒரே வினைக்குள் முன்னாலும் பின்னாலும் இரண்டு கதவுகள்.

ரஷ்ய மொழியில் அப்படி ஒரு வடிவம் கிடையாது. நீனா புத்தீரினாவும் வலேரி ஸ்தல்போவும் பெயர்த்து, 1970இல் 'வெளிநாட்டு இலக்கியம்' என்ற மாஸ்கோ இதழில் வெளியான மொழிபெயர்ப்பு என்ன செய்தது? இறந்தகாலத்தையே தூக்கிப்போட்டது! வருஷங்கள் கடந்துபோவதையும் கர்னல் நினைப்பதையும் எதிர்காலத்தில் எழுதியது. அதுவும் முற்றுநோக்கு எதிர்காலத்தில். ரஷ்யத்தின் முற்றுநோக்கு வினைக்கு நிகழ்காலமே இல்லை என்பது இன்னொரு விந்தை. முடிந்த பொருளாகப் பார்க்கப்படும் செயல் இப்போது நடந்துகொண்டிருக்க முடியாதே! அதனால் அதன் நிகழ்கால விகுதிகள் எல்லாம் எதிர்காலத்தைக் குறிக்கப் போய்விட்டன. ஆக, ஸ்பானிய வாசகர் கதை முடிந்த இடத்திலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டு நாவலுக்குள் நுழைகிறார். ரஷ்ய வாசகரோ கதைக்கு முன்னால் நின்றுகொண்டு, சோதிடம் கேட்பது போல, வரப்போவதைக் கேட்டுக்கொண்டு நுழைகிறார். மந்திரமும் தோல்சுவடியும் நிறைந்த அந்த நாவலுக்கு இந்தச் சோதிடக் குரல் எவ்வளவு பொருத்தம்!

அதே வாக்கியத்தில் இன்னொன்று. பனிக்கட்டியைக் காட்ட அப்பா பையனைக் கூட்டிப்போகும் இடத்தில் ஸ்பானிய வினை 'கொனோஸேர்'. மனிதர்களோடு அறிமுகமாவதற்குச் சொல்கிற அதே வினை! பையனும் பனிக்கட்டியும் கைகுலுக்கிக்கொள்வது போல. ரஷ்யத்தில் அது 'பஸ்மத்ரேத்', பார்த்துவருதல், என்று ஆனது. அறிமுகம் வேடிக்கை பார்ப்பதாகச் சுருங்கியது. ஒரே வாக்கியத்துக்குள் ஒரு பெரிய லாபம், ஒரு சின்ன நஷ்டம்.

அப்பா இருக்கிறாரா, இருந்தாரா?

என்னைத் தூங்கவிடாமல் செய்த வினை ஒன்று உண்டு. மெக்சிகோவின் ஹுவான் ருல்ஃபோ 1955இல் வெளியிட்ட 'பெத்ரோ பாராமோ' என்ற சிறிய நாவலின் தொடக்கத்தில் அது இருக்கிறது. ஒரு மகன், பார்த்தே இராத தன் அப்பாவைத் தேடி கோமாலா என்ற ஊருக்கு வருகிறான். அவர் அங்கே வாழ்வதைப் பற்றி அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வந்தது, சொன்னது, வாழ்ந்தது என்று மூன்று வினைகள். முதல் இரண்டும் முற்றிய வடிவம். மூன்றாவது மட்டும் 'விவியா' என்ற கூட-இறந்தகாலம்.

விவியா எவ்வளவு தந்திரமான சொல் தெரியுமா? சொன்ன நேரத்தில் அவர் வாழ்ந்துகொண்டிருந்தார் என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லாது. இன்னும் வாழ்கிறாரா? வாய் திறக்காது. முடிந்துவிட்டதா? வாய் திறக்காது. கோமாலாவுக்குப் போகும் வழியில், சில பக்கங்களுக்குள், கழுதை ஓட்டுகிறவன் சொல்கிறான், பெத்ரோ பாராமோ செத்துப் பல வருஷம் ஆயிற்று என்று. அப்புறம் ஊரே செத்த ஊர் என்று தெரிகிறது. பேசுகிறவர்கள் எல்லாம் செத்தவர்கள்! முதல் வாக்கியத்தில் ருல்ஃபோ 'விவியோ' என்று முற்றிய வடிவத்தைப் போட்டிருந்தால் ரகசியம் அங்கேயே உடைந்திருக்கும். ஸ்பானியத்தில் அந்தக் கடைசி உயிரெழுத்துதான் ஒரு நாவலின் மர்மத்தைக் காவல் காக்கிறது.

ரஷ்யத்தில் என்ன ஆகும்? பிறர் சொன்னதைச் சொல்லும்போது ரஷ்யம், சொன்னவர் எந்தக் காலத்தில் சொன்னாரோ அதே காலத்தை வைத்துக்கொள்ளும். 'வாழ்கிறார்' என்று சொல்லியிருந்தால் 'ஷிவ்யோத்' என்று நிகழ்காலம்தான். அதைப் போட்டால் அப்பாவுக்கு உயிர் வந்துவிடுகிறது. 'ஷில்' என்று இறந்தகாலத்தைப் போட்டால் அப்பா முன்னொரு காலத்தில் அங்கே இருந்தவராகிறார், அதாவது முதல் வரியிலேயே பாதி செத்துவிடுகிறார். நடுவில் நிற்க இடமே இல்லை.

தமிழிலும் இதே நெருக்கடி! "இருப்பதாகச் சொன்னார்கள்" என்று எழுதினால் இருக்கிறார். "இருந்ததாகச் சொன்னார்கள்" என்று எழுதினால் இப்போது இல்லை. இந்த ஒரு விஷயத்தில் தமிழும் ரஷ்யமும் ஒரே பக்கம், ஸ்பானியம் எதிர்ப்பக்கம். நான் அந்த வரியை ஒரு வாரம் தமிழில் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். நிகழ்காலத்தையே தேர்ந்தெடுத்தேன். மகன் நம்பி வருகிறான், வாசகரும் நம்பி வரட்டும் என்று தோன்றியது.

குறுக்கு வழி வந்த நாவல்கள்

ஸ்பானியர்கள் ரஷ்ய நாவல்களை முதலில் எந்த மொழி வழியாகப் படித்தார்கள் தெரியுமா? பிரெஞ்சு! எமிலியா பார்தோ பாஸான் என்ற எழுத்தாளர் 1887இல் மாத்ரீதில் ரஷ்ய நாவலைப் பற்றிப் புகழ்பெற்ற சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவர் அந்த நாவல்களைப் படித்ததே பிரெஞ்சில்தான். பிரெஞ்சிலும் ஸ்பானியத்தைப் போலவே முற்றிய இறந்தகாலம், முற்றாத இறந்தகாலம் என்று இரண்டு உண்டு. ஆகவே 'ஷில்', 'பிலாக்கல்' (அழுதான்) போன்ற ரஷ்ய வினைகள் முடிந்தவையா, நீள்பவையா என்று பாரிஸில் யாரோ ஒருவர் எடுத்த முடிவு அப்படியே மாத்ரீது வரை போனது. மறுபக்கமும் இதே கதை. கவிஞர் வசீலி ஷுக்கோவ்ஸ்கி 1804 முதல் 1806 வரை ரஷ்யத்தில் கொண்டுவந்த 'தோன் கிஹோத்தே' ஃப்ளோரியான் என்பவரின் பிரெஞ்சுத் தழுவலிலிருந்து வந்தது.

பிறகு நேர்வழிக்காரர்கள் வந்தார்கள். ரஃபாயெல் கான்சினோஸ் அஸ்ஸென்ஸ் தனியொரு மனிதராக தஸ்தயேவ்ஸ்கியின் முழுத் தொகுப்பையும் ஸ்பானியத்தில் பெயர்த்தார், 1935இல் அது மாத்ரீதில் வெளிவந்தது. அதற்கடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர். 1937, 1938 ஆண்டுகளில் ஏறத்தாழ 3000 ஸ்பானியக் குழந்தைகளைக் கப்பலேற்றி சோவியத் நாட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். குண்டுவீச்சிலிருந்து தப்பிக்கப் போன பிள்ளைகள், பெரும்பாலோர் இருபது வருஷம் திரும்பவில்லை. வீட்டு மொழி ஸ்பானியம், வளர்ந்த நாட்டின் மொழி ரஷ்யம். வளர்ந்ததும் அவர்களில் பலர் மொழிபெயர்ப்பாளர்கள் ஆனார்கள். 1960களில் கியூபாவுக்கும் மாஸ்கோவுக்கும் நடுவே பேச்சைப் பெயர்த்துக் கொடுத்தவர்களில் அந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். போரினால் பிறந்த இருமொழி அது. மாஸ்கோவில் வாழ்ந்து திரும்பிய லித்யா கூபெர் பெயர்த்த 'போரும் அமைதியும்' 2003இல் ஸ்பெயினில் வெளியானபோது அவருக்கு வயது தொண்ணூறை நெருங்கியிருந்தது!

இந்த மொழிபெயர்ப்பாளர்கள் பலருக்கு வேலை கொடுத்த மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் நமக்கும் சொந்தம்தான். வழவழப்பான தாளில், கெட்டி அட்டையில், மலிவு விலையில் தமிழ்ப் புத்தகங்களை அனுப்பிய அதே பதிப்பகம். லெனின் 1902இல் எழுதிய நூலுக்குத் தமிழில் 'என்ன செய்ய வேண்டும்?' என்று பெயர். செர்னிஷேவ்ஸ்கி 1863இல் எழுதிய நாவலின் தலைப்பையே லெனின் எடுத்துக்கொண்டார். அந்த ரஷ்யத் தலைப்பில் இருப்பது முற்றாநோக்கு 'தியேலத்'. 'ஸ்தியேலத்' என்று ஒரே ஒரு மெய்யெழுத்தை முன்னால் சேர்த்திருந்தால், 'எந்த ஒரு காரியத்தைச் செய்து முடிக்கலாம்?' என்று ஒரு நாள் வேலையாகச் சுருங்கியிருக்கும். ஸ்பானியத்தின் 'கே அஸேர்?' இரண்டையும் பிரித்துக் காட்டாது.

'உட்காருங்கள்' என்றால் மரியாதையா, கட்டளையா?

ரஷ்ய நாடகங்களை ஸ்பானியத்தில் மேடையேற்றுகிறவர்களுக்கு இது பெரிய சவால். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் 'சதீத்யெஸ்' என்பார்கள். முற்றாநோக்கு. 'வாங்க, உட்காருங்க' என்ற உபசாரம் அதில் இருக்கிறது. 'ஸ்யாத்யே' என்று முற்றுநோக்கில் சொன்னால் பல் டாக்டரோ நீதிபதியோ சொல்கிற தொனி. அந்த நாற்காலியில் உட்கார், வேலை முடியட்டும்! செஹவ் நாடகத்தில் ஒரு சீமாட்டி யாரிடம் எந்த வடிவத்தில் சொல்கிறாள் என்பதில் அவர்களுடைய உறவே தெரிந்துவிடும். ஸ்பானியத்தில் இரண்டுக்கும் 'சியேந்தெஸே' ஒன்றுதான். மிச்சத்தை நடிகரின் குரல் செய்ய வேண்டும்.

எச்சரிக்கை விஷயத்தில்தான் நான் துள்ளிக் குதித்தேன். ரஷ்யத்தில் 'திறக்காதே' என்று தடை போட முற்றாநோக்கு. 'தவறிப்போய்த் திறந்துவிடாதே' என்று எச்சரிக்க முற்றுநோக்கு. வேண்டுமென்று செய்வதைத் தடுப்பது வேறு, கைதவறி நடந்துவிடுவதைத் தடுப்பது வேறு! 'நே ஸபூத்' என்றால் மறந்துவிடாதே. 'நே உபதீ' என்றால் விழுந்துவிடாதே. ஸ்பானியத்தில் இதற்கு வினைநோக்கு உதவாது, ஆனால் வேறு வழி வைத்திருக்கிறது: 'விழப்போய்விடாதே' என்பது போல 'போதல்' வினையைச் சேர்த்து எச்சரிக்கும். தமிழில்? "விழாதே" என்று சொல்வோமா, மாடிப்படியில் ஓடும் குழந்தையிடம்? "விழுந்துடாதே!" என்றுதான் நம் வாய் தானாகச் சொல்லும். அந்த 'விடு' எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று யாரும் நமக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. மாஸ்கோத் தாயும் மதுரைத் தாயும் குழந்தை படியில் ஓடும் அந்த ஒரு நொடியில் ஒரே இலக்கணத்தைக் கையில் எடுக்கிறார்கள்!

அழுகை எத்தனை வகை?

'பிலாக்கலா' என்றால் அழுதுகொண்டிருந்தாள். முன்னால் 'ஸ' சேர்த்து 'ஸப்லாக்கலா' என்றால் அழுகை வெடித்த அந்த நொடி. 'ப' சேர்த்து 'பப்லாக்கலா' என்றால் கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள். தஸ்தயேவ்ஸ்கியின் பாத்திரங்கள் எவ்வளவு அழுகிறார்கள் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் எப்படி அழுகிறார்கள் என்பதை முன்னொட்டு சொல்லிவிடுகிறது. ஸ்பானியத்தில் முதலாவதற்குக் கூட-இறந்தகாலம் பொருந்தும். இரண்டாவதற்கு 'ரொம்பியோ ஆ யொரார்', அதாவது அழுகையாக உடைந்தாள் என்று சொற்கள் பெருகும். மூன்றாவதற்கு 'கொஞ்ச நேரம்' என்பதைத் தனியே எழுத வேண்டும்.

ஒரே ஒரு தடவை நடந்ததற்கும் ரஷ்யத்தில் ஒரு முத்திரை உண்டு. 'கிரிச்சால்' கத்திக்கொண்டிருந்தான், 'கிரீக்னுல்' ஒரு கத்துக் கத்தினான். அந்த 'ன்' ஒலிக்குள் ஒற்றைக் கத்தல் அடங்கியிருக்கிறது. கண்ணிமைப்பது, தட்டுவது, குதிப்பது எல்லாவற்றுக்கும் இப்படி உண்டு. ஸ்பானியம் 'ஒரு கத்தலைக் கொடுத்தான்', 'ஒரு குதியைக் கொடுத்தான்' என்று பெயர்ச்சொல்லைத் துணைக்கு அழைக்கிறது. "ஒரு கத்துக் கத்தினான்", "ஒரு குதி குதித்தான்" என்று நாமும் பெயரையே கூப்பிடுகிறோம்!

திருப்பிப் பார்த்தால் ஸ்பானியம் ரஷ்யத்தைத் திண்டாடவைக்கும் இடங்களும் உண்டு. 'சபியா' என்றால் தெரிந்திருந்தது, 'சூப்போ' என்றால் தெரியவந்தது. ஸ்பானியத்தில் விகுதிதான் வேறு. ரஷ்யத்தில் ஸ்னால், உஸ்னால் என்று வெவ்வேறு வினைகள் தேவை. 'கொனோஸியா' என்றால் பழக்கம் இருந்தது. 'கொனோஸியோ' என்றால் முதன்முதல் சந்தித்தான். 'கேரியா' விரும்பினான். 'நோ கீஸோ' என்றால் மாட்டேன் என்று சொல்லிவிட்டான்! ஆசை இல்லாதிருந்த மனநிலை, ஒரு விகுதி மாறியதும் முகத்துக்கு நேரே மறுத்த செயலாகிறது.

ஸ்பானிய முற்றிய காலம்தான் ரஷ்ய முற்றுநோக்கு என்று ஒரு வாய்ப்பாடு போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். மழை அதைக் கரைத்துவிடும். இரவெல்லாம் மழை பெய்தது என்று சொல்ல ஸ்பானியம் முற்றிய வடிவத்தை எடுக்கும்: இரவு முடிந்தது, மழையும் அந்த எல்லைக்குள் அடங்கியது. ரஷ்யமோ முற்றாநோக்கையே எடுக்கும்: மழைக்கு விளைவு ஏது, அது பெய்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான். ஸ்பானியம் எல்லையைப் பார்க்கிறது, ரஷ்யம் பலனைப் பார்க்கிறது.

இதைவிடக் கடினமான பொறி ஒன்றும் இருக்கிறது. ஸ்பானியப் பத்திரிகைகளில் நினைவு நாள் கட்டுரைகளைப் பாருங்கள். 1616 ஏப்ரலில் செர்வாந்தெஸ் இறந்தார் என்பதற்கு 'மொரியா' என்று கூட-இறந்தகாலத்தில் எழுதுவார்கள். ஒருமுறை நடந்து முடிந்த சாவு, ஆனால் வாசகரை அந்தக் கட்டிலருகே கொண்டு நிறுத்தும் நடை. இதை ரஷ்யத்தில் 'உமிரால்' என்று நேராகப் பெயர்த்தால் செர்வாந்தெஸ் செத்துக்கொண்டிருந்தார் என்று ஆகும். அதற்குப் பிறகு பிழைத்து எழுந்துவிட்டார் என்று தொடர்ந்து எழுதினாலும் ரஷ்ய இலக்கணம் தடுக்காது!

செர்வாந்தெஸின் 'தோன் கிஹோத்தே' 1605இல் வெளிவந்தது. அதன் தொடக்கத்தில் அந்த ஏழைப் பிரபு 'விவியா', வாழ்ந்துகொண்டிருந்தார். நிக்கலாய் லுபீமவ் 1951இல் வெளியிட்ட புகழ்பெற்ற ரஷ்ய மொழிபெயர்ப்பில் அங்கே 'ஷில்-பில்' என்று வருகிறது. நம் பாட்டிகள் 'ஒரே ஒரு ஊர்ல' என்று தொடங்குவது போல ரஷ்யப் பாட்டிகள் கதை தொடங்கும் சொல் அது. கொஞ்சம் நில்லுங்கள்! ரஷ்யம் பல நூற்றாண்டுகளுக்கு முன் இழந்துவிட்ட பழைய இறந்தகாலம் ஒன்றின் எச்சம் என்று இந்த இரட்டைச் சொல்லை மொழி வரலாற்றாளர்கள் காட்டுகிறார்கள். செத்துப்போன ஒரு காலம் பாட்டிகளின் வாயில் ஒளிந்திருந்து, ஸ்பானிய வீரனை வரவேற்க எழுந்து வந்திருக்கிறது.

குழந்தைகள் விளையாட்டையும் விட்டுவிட முடியாது. ஸ்பானியக் குழந்தைகள் 'நான் ராஜா, நீ ராணி' என்று பாத்திரம் பிரிக்கும்போது எந்தக் காலத்தில் பேசுகிறார்கள் தெரியுமா? கூட-இறந்தகாலத்தில்! 'நான் ராஜாவாக இருந்தேன், நீ ராணியாக இருந்தாய்' என்று சொல்லிவிட்டு அந்த நொடியே ஆட்டத்தைத் தொடங்குவார்கள். எல்லை இல்லாத காலம் என்பதால் அது இல்லாத உலகத்துக்கும் வாசல் திறக்கிறது. கண்ட கனவை விவரிக்கவும் அதே காலம்தான். நம் தெருப் பிள்ளைகள் "நான் போலீஸாம், நீ திருடனாம்" என்று 'ஆம்' போட்டு விளையாடுகிறார்கள். கதையிலும் வதந்தியிலும் வருகிற அதே 'ஆம்'. கற்பனைக்கு ஸ்பானியப் பிள்ளைகள் எடுத்தது காலம், நம் பிள்ளைகள் எடுத்தது கேள்விப்பட்ட செய்தியின் விகுதி.

ஏழு சொல், இரண்டு வினை

குவாத்தமாலாவின் அகுஸ்தோ மொந்தெர்ரோஸோ 1959இல் வெளியிட்ட 'டைனோசர்' கதை, உலகின் மிகச் சிறிய கதைகளில் ஒன்று. மொத்தமே ஏழு சொற்கள்! அதில் வினை இரண்டே இரண்டு. ஒன்று விழித்தல், முற்றிய வடிவம், பொட்டென்று நடந்து முடிகிறது. மற்றது இருத்தல், கூட-இறந்தகாலம், எப்போது தொடங்கியது, எப்போது முடியும் என்று எதுவும் தெரியாது. கதையின் திகில் முழுக்க இந்த இரண்டு விகுதிகளின் உரசலில்தான் இருக்கிறது. முதல் வினை 'தெஸ்பெர்த்தோ'. விழித்தது அவனா, அவளா, அந்த டைனோசரேவா என்று ஸ்பானிய வினை காட்டாது.

ரஷ்யம் காட்டியே தீரும். ரஷ்யத்தின் அந்த ஒற்றை இறந்தகாலம் பழங்காலத்தில் ஒரு பெயரெச்சமாக இருந்தது. ஆகவே அது 'நான், நீ' என்ற இடத்தைக் காட்டாமல் ஆணா பெண்ணா என்ற பாலைக் காட்டுகிறது. 'பிரஸ்னூல்ஸ்யா' என்று எழுதினால் ஒரு பெண் விழித்திருக்க வழியில்லை. 'பிரஸ்னூலாஸ்' என்று எழுதினால் அவள்தான். மொந்தெர்ரோஸோ திறந்துவைத்த கதவை ஒரே எழுத்தில் சாத்த வேண்டியிருக்கிறது.

தமிழில் பெயர்க்க உட்கார்ந்தேன். விழித்தல் சுலபமாகத் தப்பித்துவிட்டது: 'போது' சேர்த்தால் எச்சம் பாலைக் காட்டுவதில்லை, கதவு திறந்தே கிடக்கும். சிக்கல் இரண்டாவது வினையில். 'இருந்தது' என்று எழுதினேன், டைனோசர் சும்மா நின்றது. 'இருந்துகொண்டிருந்தது' என்று எழுதினேன், நீண்டது, ஆனால் தளர்ந்தது. மூன்றாவதாக 'இருக்கத்தான் செய்தது' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, இரவு பதினொன்றரை மணிக்கு, என் நாற்காலிக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.